ஒரு கையால் திறக்கும் கத்தி

கத்தி வந்து சேர்ந்த வெள்ளிக்கிழமை நான் வேலைக்கு விடுப்பு எடுத்திருந்தேன். அப்பா சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் படுத்திருந்தார். அம்மா பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள். கூரியர்காரரிடமிருந்து பொட்டலத்தை வாங்கியபோது, இதற்குள் என்ன இருந்துவிடப் போகிறது என்று தோன்றியது. அவ்வளவு சிறியது. உள்ளே கறுப்பு அட்டைப்பெட்டி. அதற்குள் சாம்பல் நிறத்தில் ஒரு துணி உறை. உறைக்குள் கத்தி. கூடவே, அதன் திருகுகளைக் கழற்ற ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர்.

பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புகிற எங்கள் ஊர்க் கூட்டத்தில் நானும் ஒருத்தி. பிறர் கடைந்து அனுப்புகிற உலோக உறுப்புகளில் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. புது மிக்ஸி வந்தாலும் சரி, டிபன் டப்பா வந்தாலும் சரி, ஒரு வரிசையில்தான் பார்ப்பேன்: எடை, விளிம்பு, இடைவெளி, அசைவு, சத்தம். இந்த வரிசையில் எங்கேயாவது ஓரிடத்தில் எல்லாப் பொருளும் மாட்டிக்கொள்ளும். அதற்காக நான் எந்தப் பொருளையும் வெறுத்ததில்லை. செய்தவருக்கு அவசரம் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

மடக்கிய கத்தியை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினால் முழுக்க மறைந்துவிட்டது. டைட்டானியக் கைப்பிடி. இரும்பு மாதிரி உடனே சில்லென்று கையில் ஏறவில்லை. சீக்கிரமே என் உள்ளங்கைச் சூட்டுக்கு வந்துவிட்டது. இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்பட வைக்கிற லேசும் இல்லை, சட்டைப் பையை இழுக்கிற கனமும் இல்லை. விளிம்புகளை நகத்தால் தடவிப் பார்த்தேன். எங்கேயும் நகம் தட்டவில்லை. வெளி விளிம்பை மழுக்குவது பெரிய காரியமில்லை, வாங்குகிறவர் முதலில் தொடுகிற இடம் அது. பிளேடு மடங்கிப் போய் உட்கார்கிற பள்ளத்தின் உள் விளிம்பைப் பார்ப்பதற்காக ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் சாய்த்தேன். அங்கேயும் மழுக்கியிருந்தார்கள். யார் கையும் படாத, யார் கண்ணும் போகாத இடம். அதை ஒருவர் உட்கார்ந்து செய்திருக்கிறார்.

இடைவெளியில் மாட்டும் என்று நினைத்தேன். பிளேடு இரண்டு பக்கச் சுவர்களுக்கும் சரியாக நடுவில் இருந்தது. ஒரு பக்கம் தெரிந்த வெளிச்சக் கீற்றும் மறுபக்கம் தெரிந்த கீற்றும் ஒரே அகலம்.

கைப்பிடியின் ஒரு முனையில், பிளேடு சுழல்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டப் பொத்தான். அதுதான் பூட்டு. கட்டைவிரலால் அதை அழுத்தி மணிக்கட்டைக் கொஞ்சம் தாழ்த்தினேன். பிளேடு வெளியே வந்து நின்றது. தள்ளவோ இழுக்கவோ இல்லை, வழிவிட்டதும் அதுவே வந்தது. நின்றபோது ஒரு சத்தம் வந்தது, நல்ல காரின் கதவு மூடுகிற மாதிரி, ஆனால் மிகச் சின்னதாக. பிளேடின் நுனியைப் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. மறுபடி பொத்தானை அழுத்திக் கையை நிமிர்த்தினேன். தன் எடையிலேயே கீழே இறங்கி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. எல்லாம் ஒரே கையில்.

என் வரிசை முடிந்துவிட்டது. எங்கேயும் மாட்டவில்லை. ஜன்னலோரம் நின்று அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். கோயிலில் திரை விலகியதும் எதுவும் கேட்கத் தோன்றாமல் நிற்போமே, அந்த மாதிரி. ஒரு பொருளின் முன்னால் நான் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை.

அந்தக் கத்தி எனக்காக வாங்கியது இல்லை. அப்பாவுக்காக.

எழுதும்போது அப்பா என்கிறேன், வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கம் மூடியபிறகு எங்கள் ஊரில் பாதிப் பேர் செய்ததைப் போல அவரும் ரயிலேறி பெங்களூர் போய் வேறு வேலைகள் பார்த்தார். சுரங்க நாட்களிலிருந்தே அவரிடம் ஒரு மடக்குக் கத்தி உண்டு. கொம்புக் கைப்பிடி, பிளேடில் நகம் வைத்து இழுக்க ஒரு கீறல். பூமிக்கடியில் சாப்பாட்டு நேரத்தில் வெங்காயமோ வெள்ளரிக்காயோ கொய்யாவோ, அவர்தான் ஷிஃப்ட் ஆட்களுக்கு வெட்டித் தருவார். அதற்கு ஒரு முறை இருந்தது. கத்தி யாருடையதோ அவர்தான் வெட்ட வேண்டும். வெட்டியவர் கடைசித் துண்டைத்தான் எடுக்க வேண்டும். அவர் தன் துண்டை எடுக்கும்வரை மற்றவர்கள் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். மிச்சம் இருப்பதுதான் தனக்கு என்று தெரிந்தவன் துண்டுகளைச் சமமாகத்தான் போடுவான் என்பது இதிலுள்ள கணக்கு. சுரங்கம் போனபிறகும் அந்த முறை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நந்திதுர்க் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் அவரும் பழைய ஷிஃப்ட் நண்பர்கள் மூன்று பேரும் உட்காருவார்கள். அப்பா கொய்யா வெட்டுவார், கடைசித் துண்டை எடுப்பார், பிறகு எல்லோரும் சாப்பிடுவார்கள்.

இரண்டு வருடம் முன்பு அப்பாவுக்கு வாதம் அடித்தது. பேச்சு திரும்பிவிட்டது, நடையும் ஒருவாறு திரும்பிவிட்டது. இடது கை திரும்பவில்லை. தோளிலிருந்து அதைத் தூக்க முடியும், ஓரிடத்தில் வைக்க முடியும். விரல்கள் எதையும் பிடிக்காது. பழைய கத்தியைத் திறக்க இரண்டு கை வேண்டும். ஒரு நாள் அதைப் பல்லால் கடித்துத் திறக்கப் பார்த்திருக்கிறார். அம்மா பார்த்துவிட்டு, கத்தியைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டாள். அதன்பிறகு அப்பா டீக்கடைக்குப் போவது நின்றது. கேட்டால் முட்டி வலி என்பார். அந்த முட்டியோடுதான் மருந்துக் கடைக்கும் ரேஷன் கடைக்கும் நடந்து போய்வந்துகொண்டிருந்தார்.

தூங்கி எழுந்து வந்தவர் முன்னால் மேஜைமேல் கத்தியை வைத்தேன். எங்கள் வீட்டில் கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுப்பதில்லை. கீழே வைத்தால் மற்றவர் எடுத்துக்கொள்வார். அப்பா எடுக்கவில்லை. என்ன இது, கார் சாவியா என்று கேட்டார். நான் ஒரு தடவை திறந்து மூடிக் காட்டிவிட்டு மறுபடி வைத்தேன்.

அவர் வலது கையில் எடுத்தார். பொத்தானைக் கட்டைவிரலால் தேடினார். முதல் தடவை அழுத்தம் போதவில்லை. இரண்டாவது தடவை மணிக்கட்டைத் தாழ்த்த மறந்தார். மூன்றாவது தடவை பிளேடு வந்து நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவர் என்னைப் பார்க்கவில்லை, பிளேடையும் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தன் இடது கையைப் பார்த்தார்.

"இது தேவையே இல்லையா?" என்றார்.

"இல்ல நைனா. ஒரு கைக்கே செஞ்சது."

சாயங்காலம் முழுக்க அந்தச் சத்தம் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தது. டிவியில் செய்தி ஓடும்போதும், அம்மா போனில் பேசும்போதும், திறப்பதும் மூடுவதும். விரலை அறுத்துக்கொள்ளப் போகிறார் என்று அம்மா முதலில் பயந்தாள், பிறகு எரிச்சலானாள், கடைசியில் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் ஒரு வெண்டைக்காயைக் கொண்டுவந்து வெட்டிப் பார்க்கச் சொன்னேன். அப்பா மறுத்துவிட்டார். பூஜை போடாத இரும்பை வேலைக்கு எடுக்கக் கூடாது என்றார். சுரங்கத்தில் புது டிரில் வந்தாலும் மஞ்சள் குங்குமம் வைத்த பிறகுதான் ஆட்கள் இறங்குகிற கூண்டில், கேஜில், ஏற்றிக் கீழே இறக்குவார்களாம். இதற்கும் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில்தான் முதல் வெட்டு என்றார். அதைச் சொல்லும்போது முட்டி வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் சனிக்கிழமை எனக்கு வேலை இருந்தது. நான் பெங்களூரில் இருந்தபோது அம்மா பூஜையை முடித்துவிட்டாள். திரும்பி வந்தபோது கத்தி சாமி அலமாரியில் இருந்தது, பக்கத்தில் பாதியாக அறுத்த எலுமிச்சம்பழம். ஞாயிற்றுக்கிழமை விடியும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது என்று உத்தரவு. காலையில் அம்மாவே அதை எடுத்துத் துடைத்துப் பளபளவென்று அப்பாவின் முன்னால் வைத்தாள். கூட்டாளிகள் முன்னால் மஞ்சளும் குங்குமமுமாக எடுத்தால் கிண்டல் செய்வார்கள் என்று ஒரு பொட்டுக்கூட மிச்சம் வைக்காமல் துடைத்திருந்தாள். அப்பா அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கொய்யா வாங்கினோம். அப்பா ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, காயும் இல்லாத பழமும் இல்லாத பருவத்தில் நான்கு பழங்களைத் தேர்ந்தெடுத்தார். ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து வலது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார். காற்று பலமாக இருந்தது; தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டி வைத்த சயனைடு மேட்டின் வெள்ளைத் தூசி ரோட்டின் குறுக்கே போய்க்கொண்டிருந்தது.

டீக்கடை பெஞ்சில் மூன்று பேரும் இருந்தார்கள். ஒருவர் சுரங்கத்தில் கேஜை ஏற்றி இறக்கும் வைண்டிங் எஞ்சினில் இருந்தவர், வாய் ஓயாதவர். இன்னொருவருக்குப் பல் எல்லாம் போய்விட்டது. பல் செட் கட்டியும் போட மாட்டேன் என்கிறவர். மூன்றாமவர் அதிகம் பேச மாட்டார். சின்ன வயதிலிருந்து மூவரும் எனக்கு மாமாக்கள்தான். அப்பாவைப் பார்த்ததும் யாரும் எழுந்து வரவில்லை, நலம் விசாரிக்கவில்லை. பெஞ்சில் ஓர் ஆள் அளவுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். பல்லில்லாத மாமா மட்டும் என் கையிலிருந்த பையை எட்டிப் பார்த்தார்.

"கொய்யாவா? உங்கப்பன் வராத நாளா இவனுங்க முழுசா கடிச்சித் தின்னுட்டு என்னை வேடிக்க பாக்க வச்சானுங்க கண்ணு" என்றார்.

"பல்லு செட்ட பீரோல பூட்டி வச்சிக்கினு எங்கள சொல்றான் பாரு" என்றார் வைண்டிங் மாமா.

அப்பா ஒரு கொய்யாவை மடியில் வைத்தார். இடது கையை வலது கையால் தூக்கி அதன்மேல் வைத்தார். வீட்டில் உட்கார்ந்து இதை யோசித்து வைத்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பிடிக்க முடியாத கை, உருளாமல் இருக்கப் பாரமாக இருக்க முடியும். பிறகு சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்தார். வைண்டிங் மாமா குனிந்து, இன்னா இது என்று மெல்லிய குரலில் கேட்டார்.

அப்பா பொத்தானை அழுத்தி மணிக்கட்டைத் தாழ்த்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அழுத்தினார். கட்டைவிரல் நகம் வெளுத்துப் போகிற அளவுக்கு அழுத்தினார். பிளேடு வெளியே வரவில்லை.

"இன்னாப்பா, கேஜ் நடுவுல மாட்டிக்கிச்சா?" என்றார் வைண்டிங் மாமா. கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கிண்டல் வாயிலேயே நின்றுவிட்டது.

ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றிருந்த நானும் அப்பாவின் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை திறந்த விரல் அது. இந்தக் கையிலும் வலு குறைகிறதோ, மறுபடி ஏதாவது வருகிறதோ என்றுதான் என் மனசு ஓடியது. அவர் மனசும் அங்கேதான் ஓடியிருக்கும். அப்பா கத்தியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். டீக்கடைக்காரர் தன் கத்தியைக் கொண்டுவந்து நீட்டினார். பேசாத மாமா அதை வேண்டாம் என்று கையால் தள்ளிவிட்டார். கொய்யாவை எடுத்துப் பையில் போட்டு, பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். யாரும் ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

அப்பா டீயைப் பாதி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார். ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டார். என் தோளில் இருந்த பிடி வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. இந்தப் பிடிக்குக் குறைவில்லையே என்று எனக்கு எங்கேயோ உறைத்தது. வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னார்.

"இந்தக் கையும் போவுது போல."

அம்மா வாசலில் நின்றிருந்தாள். அப்பா அவளைத் தாண்டி உள்ளே போய், கத்தியை மேஜைமேல் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

நான் அதை எடுத்துப் பொத்தானை அழுத்தினேன். எனக்கும் இறங்கவில்லை. இரண்டு கட்டைவிரலையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து அழுத்தினேன். மணல் அரைபடுகிற மாதிரி ஏதோ நெருடி, முடி அளவு இறங்கி நின்றது. என் உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவியது. குறை விரலில் இல்லை, பொருளில் இருக்கிறது. பொருளில் உள்ள குறையை எனக்குத் தேடத் தெரியும்.

முதலில் சயனைடு மேட்டுத் தூசி என்று நினைத்தேன். வேலைக்கு வைத்திருக்கிற பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பொத்தானைப் பார்த்தேன். பொத்தானுக்கும் அது உட்கார்ந்திருக்கும் துளைக்கும் நடுவே மெல்லிய வளையமாக ஒரு நிறம். வெளி ஓரத்தில் சிவப்பு, உள்ளே மஞ்சள்.

அம்மாவைக் கூப்பிட்டு, பொட்டு எங்கே வைத்தாய் என்று கேட்டேன். அவள் தயங்காமல் பொத்தானைக் காட்டினாள். வழவழவென்ற கைப்பிடியில் வேறு எங்கே வைப்பாள்? வட்டமாக, பொட்டு அளவுக்கே, நடுவில் லேசாகக் குழிந்து. கம்பெனிக்காரனே பொட்டு வைக்க இடம் விட்டிருக்கிறான் என்று நினைத்தாளாம். மஞ்சளை நன்றாகக் குழைத்து அங்கே தடவி, அதன்மேல் குங்குமம் வைத்து, பிளேடு சுழல்கிற மூட்டிலும் கொஞ்சம் மஞ்சள் தடவியிருக்கிறாள், கதவுக் கீலுக்கும் கேஸ் அடுப்புக்கும் தடவுகிற மாதிரி. ராத்திரி முழுக்க அது உள்ளே காய்ந்திருக்கிறது. காலையில் வெளியே இருந்ததை மட்டும் துடைத்திருக்கிறாள்.

நடந்ததைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. அப்பா படுத்திருந்த அறையைப் பார்த்தாள். பிறகு போய் அவரை எழுப்பினாள்.

"எழுந்து வாங்க. உங்க கைக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் பொட்டு வச்சி அடைச்சிட்டேன்."

அப்பா வந்து எதிரில் உட்கார்ந்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. மேஜைமேல் வெள்ளைத் துண்டை விரித்தேன். மின்விசிறிக் காற்றில் துண்டின் ஓரம் மடிந்து மடிந்து எழுந்தது. அப்பா தன் இடது கையைத் தூக்கி அந்த ஓரத்தில் வைத்தார். துண்டு நின்றது. அந்தக் கை அங்கேயே இருந்தது, வேலை முடியும்வரை.

பெட்டியில் வந்த குட்டி ஸ்க்ரூ டிரைவரால் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே துண்டில் வைத்தேன். கைப்பிடியின் ஒரு பக்கச் சுவரைத் தூக்கியபோது எங்கள் மூவருக்கும் முன்னால் கத்தியின் உள்பக்கம் திறந்தது. மஞ்சள் அங்கங்கே அப்பியிருந்தது. அதையும் மீறித் தெரிந்ததைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டேன்.

வெளியில் இருந்த அதே நேர்த்தி உள்ளேயும் இருந்தது. எடையைக் குறைக்கச் சுவரின் உள்பக்கம் சின்னச் சின்னக் குழிகள் குடைந்திருந்தார்கள். ஒவ்வொரு குழியின் அடியும் வழவழப்பாக இருந்தது. குடைந்த இயந்திர முனை போன தடம் எங்கேயும் வழிமாறவில்லை. பொதுவாக உள்பக்கத்தை இப்படிச் செய்ய மாட்டார்கள். நான் தினமும் பார்க்கிற உறுப்புகளில், அளவு சரியாக இருந்தால் போதும், மூடி போட்டுவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள் என்கிற மனசு ஏதாவது ஒரு மூலையில் தெரிந்துவிடும். இதில் அந்த மூலையைத் தேடினேன். இல்லை. பெரும்பாலும் யாரும் கழற்ற மாட்டார்கள் என்று தெரிந்தும், கழற்றிப் பார்த்தாலும் வெட்கப்பட வேண்டாதபடி செய்திருந்தார்கள்.

பிளேடின் இரண்டு பக்கமும் ஒரு மெல்லிய வளையம் இருந்தது, அதில் கடுகைவிடச் சின்ன வெள்ளை உருண்டைகள். அவை பீங்கான் வகை. அவற்றின்மேல்தான் பிளேடு உருண்டு வெளியே வருகிறது. உருண்டைகளைப் பிடித்து வைத்திருக்கும் அந்த வளையத்துக்கு எங்கள் தொழிலில் கேஜ் என்றுதான் பெயர் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இத்தினூண்டு கேஜா" என்றார். பிறகு, "எல்லாரும் எடம் விட்டு நிக்கறாங்க" என்றார்.

அம்மாவும் வாங்கிப் பார்த்தாள். மஞ்சள் பூசிய உருண்டைகள் அவளுக்குத் தானியம் மாதிரி தெரிந்திருக்க வேண்டும். இதையா நான் பாழ் பண்ணினேன் என்று கேட்டாள். பாழாகவில்லை, கழுவினால் போகும் என்றேன். ஸ்பிரிட்டில் பஞ்சுக் குச்சியை நனைத்துத் துடைக்கத் தொடங்கினேன். பொத்தானைத் துளையிலிருந்து உருவியபோது அதன் கழுத்தில் மஞ்சள் பசைபோல் சுற்றிக் கெட்டியாகியிருந்தது. அப்பாவின் கட்டைவிரல் எதை எதிர்த்து மோதியது என்று கண்ணால் பார்க்க முடிந்தது. அதைத் துண்டின்மேல் வைத்தேன். அப்பா குனிந்து பார்த்தார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து சாய்ந்து உட்கார்ந்தார்.

எண்ணெய் வேண்டும் என்றதும் அம்மா தன் தையல் மிஷின் எண்ணெயைக் கொண்டுவந்தாள். ஊசி முனையில் தொட்டு ஒரு துளி, இன்னொரு துளி. பிறகு கழற்றிய வரிசைக்குத் தலைகீழ் வரிசையில் எல்லாவற்றையும் பூட்டினேன். மூட்டுத் திருகை எவ்வளவு முடுக்குவது என்பதில்தான் நேரம் போனது. கொஞ்சம் அதிகமானால் பிளேடு தானாக இறங்காது, குறைந்தால் ஆடும். சரியான இடம் வந்தபோது முதல் நாளின் சத்தம் திரும்பி வந்தது.

கத்தியை மடக்கி மேஜைமேல் வைத்தேன்.

அப்பா எடுத்தார். எங்கள் இருவர் பக்கமும் பார்க்கவில்லை. கட்டைவிரலைப் பொத்தானில் வைத்தவர் அழுத்தாமல் அப்படியே இருந்தார். நான் சொன்னதெல்லாம் அவருக்குப் புரிந்திருக்கும், அந்த மஞ்சள் வளையத்தையும் பார்த்துவிட்டார். இருந்தாலும் கை சொல்வதைத்தான் அவர் நம்புவார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அழுத்தினார். பிளேடு வந்து நின்றது.

மூடினார். திறந்தார். மூடினார். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, அவர் தோள்கள் இறங்குவதைப் பார்த்தேன். காலையிலிருந்து அவர் அவற்றை உயர்த்தியே வைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"இரு" என்று அம்மா அடுப்படிக்குப் போய் ஒரு குங்குமச் சிமிழோடு வந்தாள். நான் பயந்துபோய்ப் பார்த்தேன். அவள் கத்தியைத் திருப்பி, பின்பக்கம் சட்டைப் பையில் மாட்டுகிற கொக்கியைக் காட்டி, இது ஏதாவது திறக்குமா மூடுமா என்று என்னிடம் கேட்டாள். இல்லை என்றேன். அதன்மேல் கடுகு அளவில் ஒரு பொட்டு, தண்ணீர் தொடாமல், உலர்ந்த குங்குமத்தில் வைத்தாள்.

டீக்கடை இந்நேரம் காலியாகியிருக்கும், அடுத்த ஞாயிறு போகலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அப்பா கொய்யாவை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொல்லி ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

மதியம் தாண்டிவிட்டது. பெஞ்சில் வெயில் ஏறியிருந்தது. மூன்று பேரும் பெஞ்சைச் சுவரோரம் நிழலுக்கு நகர்த்திப் போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். கொய்யாப் பை பேசாத மாமாவின் மடியில் இருந்தது. நான்கு பழமும் அப்படியே இருந்தன. வீட்டுக்குச் சாப்பிடப் போகவில்லையா என்று நான் கேட்டதற்கு, போய்க்கொண்டேதான் இருக்கிறோம் என்றார் வைண்டிங் மாமா. பல்லில்லாத மாமா நடுவில் அவரைக் கொஞ்சம் நகரச் சொன்னார். அப்பாவின் இடம் திரும்ப வந்தது.

அப்பா கொய்யாவை மடியில் வைத்து இடது கையை அதன்மேல் வைத்தார். கத்தியை எடுத்தார். இந்தத் தடவை யாரும் குனிந்து பார்க்கவில்லை. எல்லோரும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டதும்தான் திரும்பினார்கள்.

அந்த பிளேடு கொய்யாவுக்குள் இறங்கியதைச் சொல்ல வேண்டும். அழுத்தம் என்று ஒன்றும் தெரியவில்லை. தோல் கிழிகிற ஓசையே இல்லை. விதைகள் இருக்கிற நடுப்பகுதியில் சாதாரணக் கத்தி தடுமாறும். இது ஒரே கோடாகப் போய் மறுபக்கம் வந்தது. வெட்டிய முகம் ஈரமாக, கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு விதைகூட நசுங்கவில்லை, குறுக்கே வந்த விதை இரண்டாகியிருந்தது. வைண்டிங் மாமா அந்தத் துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல்லில்லாத மாமாவுக்காக அப்பா இன்னும் மெல்லிசாக, வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு மெல்லிசாகச் சீவினார்.

எல்லோர் கையிலும் துண்டு இருந்தது. என் கையிலும் ஒன்று வந்திருந்தது. யாரும் வாயில் வைக்கவில்லை. அப்பா ஒரு கையால் கத்தியை மூடிச் சட்டைப் பையில் மாட்டினார். அதே கையால், மடியில் மிச்சமிருந்த கடைசித் துண்டை எடுத்தார்.

"தின்னுங்கடா" என்றார்.